சும்மா நின்ற வால்வு

"இந்த வால்வு ஜோடியும் போச்சு மாஸ்டர்."

கிளமெண்ட் கிதாரைச் சுவத்துல சாத்திட்டு ஆம்ப்ளிஃபயரை மேசைமேல வெச்சாரு. வெச்சதும் ஸ்டூல்ல பொத்துனு உட்கார்ந்தாரு.

கல்யாணக் கச்சேரிகள்ல கிதார் வாசிக்கற மனுஷன், வயசு ஐம்பத்துமூணு. அவர் மாஸ்டர்னு கூப்பிடற ஜஸ்டினாவுக்கு நாற்பதுகூட ஆகல. அதனால என்ன? பெரம்பூர்ல, பல்பு மாதிரி கண்ணாடி வால்வு வெச்ச பழைய ஆம்ப்ளிஃபயர் வேலை கத்துக்கணும்னா அந்தம்மா கடைக்குத்தான் வரணும். வயசைப் பார்த்தா வேலை நடக்குமா?

"என்ன பண்ணீங்க அண்ணா?"

"பழைய வால்வை எடுத்துட்டுப் பெரிய வால்வு போட்டேன். நீங்க சொன்ன மாதிரியே சாக்கெட்ல கம்பி மாத்தி சால்டர் வெச்சேன். முதல் வாரம் சத்தம் என்னமா இருந்துச்சு! இப்ப முனகுது."

"ரொம்ப வாசிச்சீங்களா?"

"எங்க வாசிச்சேன்? விக்டர் மலேசியாவுக்கு ட்ரூப் கூட்டிட்டுப் போறான். எனக்கு இடம் உண்டா இல்லையான்னு போன்ல சொல்றேன்னான். ஒரு மாசமாச்சு. எந்நேரம் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுன்னு சொல்வானோன்னு ஆம்ப்பைப் போட்டே வெச்சிருக்கேன்."

"ம்."

"ஒரு வேலையும் செய்யல மாஸ்டர். ஆனா உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இந்த இடமும் கிடைக்கலேன்னா கிதாரையே விட்டுடறேன். போதும்."

ஜஸ்டினா ஆம்ப்பின் பின்மூடியைக் கழட்டி, புது ஜோடி வால்வைச் செருகி, சுவிட்சைப் போட்டாங்க. வெளிச்சம் குறையட்டும்னு ஷட்டரைப் பாதி இறக்கினாங்க.

கிதாரைச் செருகவே இல்ல.

கொஞ்ச நேரத்துல வால்வுக்குள்ள இருந்த தகடு சிவந்துச்சு.

"வீட்லயும் இப்படித்தான், என்ன அழகு!" கிளமெண்ட் முகத்துல அன்னிக்கு முதல் சிரிப்பு. "நல்லா வேலை செய்யுதுன்னு பார்த்துட்டே உட்கார்ந்திருப்பேன்."

"யாரு வாசிக்கறா?"

"யாருமில்ல."

"அப்ப எதுக்குச் சிவக்குது?"

கிளமெண்ட் தகட்டையே உத்துப் பார்த்தாரு.

"அது வேலை செய்யல அண்ணா, சாகுது. வால்வை மாத்தினீங்க. சும்மா நிக்கறப்ப அது எவ்வளவு கரண்ட் குடிக்கணும்ங்கறதை மாத்தலையே! வாசிச்சு யாரும் அதைக் கொல்லல."

ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு.

ஜஸ்டினா ஒரு ஸ்க்ரூடிரைவரை நீட்டினாங்க.

"அந்தக் கரண்டைக் கட்டுப்படுத்தறது இந்தத் திருகு. நீங்களே குறைங்க. வலது கை மட்டும். இடது கை பாக்கெட்ல சும்மா இருக்கணும்."

அந்தத் தொழில்ல அது சட்டம். கரண்ட் ஓடறப்ப ரெண்டு கையையும் உள்ளே விட்டா, அது நெஞ்சு வழியா போயிடும். ஆள் காலி.

கிளமெண்ட் இடது கையை பேண்ட் பாக்கெட்ல விட்டுக்கிட்டாரு. மெல்லத் திருப்ப ஆரம்பிச்சாரு.

"நிறுத்துங்க."

"சரியாத்தானே திருப்பறேன்?"

"இடது கை என்ன பண்ணுது?"

"பாக்கெட்லதான் இருக்கு மாஸ்டர்."

"இருக்கு. என்ன பண்ணுது?"

குனிஞ்சு பார்த்தாரு. பாக்கெட்டுக்குள்ள கட்டைவிரல் போனைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. எவ்வளவு நேரமா தடவுதுன்னு அவருக்கே தெரியல.

சும்மா நின்னு சிவக்கற அந்தத் தகட்டை நிமிர்ந்து பார்த்தாரு. பெரிய ஆம்பளை, கண்ணு கலங்கிடுச்சு.

போனை வெளியில எடுத்தாரு. அணைச்சாரு. மேசைமேல கவுத்து வெச்சாரு. திரும்பக் கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டுத் திருகினாரு.

சிவப்பு இறங்கிப் போச்சு.

"இப்ப கிதாரைச் செருகுங்க அண்ணா. கேட்டுப் பார்க்கலாம்."

கிளமெண்ட் ஏற்கெனவே சுவத்துல தலையைச் சாய்ச்சிருந்தாரு.

"நாளைக்கு வாசிக்கறேன் மாஸ்டர். இப்பக் கொஞ்சம் தூங்கிக்கறேன்."