கொத்தமல்லிக் கட்டாகிப் போன வடிவு

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கு மட்டும்தான் போதுமான தூக்கம் கிடைத்துவந்த காலத்திலே, ஏடகநகரம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் ஒரு வைத்தியப் பள்ளி. பள்ளிக்குப் பின்னால் நீளமாக ஓர் ஓட்டு வீடு. அதில் ஒன்பது அறைகள். எல்லாவற்றிலும் வெளியூரிலிருந்து படிக்க வந்த பெண்கள். அறைக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு ஒரு சட்டி, சட்டிக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

ஒன்பதாவது அறையில் அஞ்சுகமும் வடிவும் இருந்தார்கள்.

அஞ்சுகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எல்லாரும் ஒரு கொட்டாவி விட்டுக்கொள்ளுங்கள். ஆயிற்றா? அவள் விடியுமுன் எழுந்து மூலிகை பறிப்பாள். வெயில் ஏறும்வரை மருந்து அரைப்பாள். வெயில் இறங்கும்வரை நாடி பார்க்கப் படிப்பாள். அறைக்குத் திரும்பும்போது கால் கெஞ்சும், கண் கெஞ்சும், மூலையில் கிடக்கிற பாய் “வாம்மா, வா” என்று கூப்பிடும்.

வடிவு வேறு ரகம். அவளுக்குக் களைப்பெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். காய்க்கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டுமே! “இன்னைக்குக் குழம்பு, நாளைக்குக் கூட்டு, நாளன்னிக்கு அவியல்!” என்று கூடையை நிரப்புவாள். அறைக்கு வந்ததும், “அஞ்சுகம், இன்னைக்கு மட்டும் ஊறுகாய் போதும்டி” என்று சாய்ந்துவிடுவாள். இன்றைக்கு மட்டும், நாளைக்கும் மட்டும், அதற்கு மறுநாளும் மட்டும். கூடைக்குள் வெண்டைக்காய் முற்றும், கத்தரிக்காய் சுருங்கும், கீரை கறுக்கும்.

தெருமுனையில் கடை போட்டிருந்தவன் பேர் கொசுறுமாயன். கொசுறு தெரியும் அல்லவா? வாங்கின காய்க்கு மேலே சும்மா கிடைக்கிற கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய். மற்ற கடைக்காரர்கள் ஒரு கொத்து கொடுத்தால் இவன் ஒரு கூடை கொடுப்பான். மூக்கால்தான் பேசுவான். நீங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்: “ங்வா தாயீ! ங்கொசுறு ங்வேணுமா? ங்எடுத்துக்கோ, ங்எடுத்துக்கோ!”

ஆகா, எவ்வளவு நல்ல மனுஷன் என்கிறீர்களா? அவன் மந்திரவாதி. ஒருத்தர் வீட்டில் ஒரு காய் வீணாக அழுகினால் அவனுக்கு ஒரு நாள் ஆயுள் கூடும். அப்படியே எழுநூறு வருஷம் ஓட்டிவிட்டான். அதிலும் படிக்கிற பிள்ளைகள் என்றால் அவனுக்கு உயிர். அவர்கள்தானே ஆசையாக வாங்குவார்கள், அசந்து தூங்குவார்கள், அடியோடு மறப்பார்கள்!

ஒரு வாரம், கொழகொழத்துப் போன வெண்டைக்காயை வடிவு ஜன்னல் வழியே வீசினாள். அடுத்த வாரம், சொத்தையாகிப் போன கத்தரிக்காயை வீசினாள். அதற்கடுத்த வாரம், கறுத்துச் சொதசொதத்த கொத்தமல்லிக் கட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு வீசினாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தலைப்பாகை எழுந்தது. அதன்மேல் கொத்தமல்லிக் கட்டு உட்கார்ந்திருந்தது.

“ங்மூணு!” என்றான் கொசுறுமாயன். “மூணு தரம் வீசினவ என் கைக்குள்ளே. எதைக் கடைசியா வீசினியோ அதுவா ஆகு!”

பாய் விரித்துக்கொண்டிருந்த அஞ்சுகம் திரும்பினாள். வடிவைக் காணோம். தரையில் பச்சைப் பசேலென்று ஒரு கொத்தமல்லிக் கட்டு.

“அடியே அஞ்சுகம்!” என்று அது கீச்சுக் குரலில் கத்தியது. “எனக்குக் கையைக் காணோம்டி! உடம்பெல்லாம் சட்னி வாசனை அடிக்குதுடி!”

வேறொருத்தியாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். மயங்கக்கூட அஞ்சுகத்துக்குத் தெம்பில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்: “ஐயா, இவளை எப்படித் திருப்பி வாங்குறது?”

“சொல்ல மாட்டேன்.”

“ஐயா, எப்படித் திருப்பி வாங்குறது?”

“சொல்லவே மாட்டேன்.”

மூன்றாம் முறை கேட்க வாயைத் திறந்தாள். கேள்வி வரவில்லை, கொட்டாவி வந்தது. அப்படி இப்படிக் கொட்டாவி இல்லை, விடியலிலிருந்து சேர்ந்த கொட்டாவி. கொட்டாவிதான் தொத்திக்கொள்ளுமே! கொசுறுமாயனும் “ங்ஆஆஆ” என்று வாயைப் பிளந்தான். பிளந்த வாயிலிருந்து ரகசியம் தானாக வெளியே விழுந்தது.

“மூணு நாள்... ங்ஆஆ... இந்த அறைக்குள்ளே வர்ற காய், கீரை எதுவும் வீணாகக் கூடாது... மூணாம் நாள் பொழுது சாயும்போது வாடினது ஒண்ணுகூட இருக்கக் கூடாது... இருந்தா அவ கடைசிவரைக்கும் கொத்தமல்லிதான்.” சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு சிரித்தான். “அதனாலென்ன, ங்மூணு நாள் உன்னால முடியுமா? உன் முழியைப் பார்த்தாலே தெரியுதே!”

அஞ்சுகம் கட்டைத் தூக்கித் தண்ணீர்ச் சொம்பில் நிறுத்தினாள். தலைக்கு ஈரத்துணி போர்த்தினாள்.

“கொத்தமல்லி எத்தனை நாளுடி தாங்கும்?” என்றது வடிவு, குரல் இறங்கிப்போய்.

“மூணு நாள் தாங்கும். தூங்கு.”

முதல் நாள். பள்ளி முடிந்து வந்தாள். கால் கெஞ்சியது, கண் கெஞ்சியது, பாய் “வாம்மா, வா” என்றது. “சும்மா இரு” என்று பாயை அதட்டிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். சுருங்கின கத்தரிக்காய் இரண்டு, வளைந்துபோன முருங்கைக்காய் ஒன்று, பாதி முள்ளங்கி. எல்லாவற்றையும் நறுக்கி ஒரே குழம்பாகக் கொதிக்க வைத்தாள்.

வெங்காயம் இல்லை. பெரிய சந்தை மூன்று தெரு தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் கால் வரமாட்டேன் என்றதால் தெருமுனைக்குத்தான் போனாள். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் வாங்கினாள். வாங்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம் அல்லவா? பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், கை தானாக நீண்டது, வாய் தானாகச் சொன்னது: “கொசுறு?”

“ங்இந்தா!” தொபதொபவென்று மடி நிறையத் தக்காளி. எல்லாம் நாளைக்கு வெடித்துவிடுகிற பழம். (அந்தக் காலத்தில் தக்காளி ஏது என்று கேட்கிறவர்கள், பேசுகிற கொத்தமல்லியை மட்டும் எப்படி நம்பினீர்களாம்?)

“எதுக்குடி கேட்டே!” என்று கத்தியது வடிவு.

“நானா கேட்டேன்? வாய் கேட்டுது.”

புளியும் உப்பும் மிளகாயும் போட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை கிண்டிக் கிண்டித் தொக்கு ஆக்கினாள். தொக்கு கெட்டியாவதற்குள் தோள் கழன்றுபோயிற்று. ஆனால் ஒரு பழம் வீணாகவில்லை.

இரண்டாம் நாள். கால் கெஞ்சியது, கண் கெஞ்சியது, பாய் “வா” என்று மட்டும் சொன்னது, நேற்றைக்குத் திட்டு வாங்கியிருந்ததால். அஞ்சுகம் விரற்கடை இஞ்சி வாங்கப் போனாள். “கேட்காதே, கேட்காதே” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். கடைக்கு முன்னால் நின்றபடியே ஒரு கண் சொக்கிவிட்டது. சொக்கின நேரம் பார்த்து வாய் சொல்லிவிட்டது: “கொசுறு?”

இஞ்சிக்குக் கொசுறாக ஒரு பூசணிக்காய்! அவள் இடுப்பு உயரம். உருட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

“இதை நீயும் நானும் தின்னு முடிக்கணும்னா என் பேரனுக்குக் காதுகுத்து ஆயிடும்” என்றது வடிவு. “அதுவும் இப்ப எனக்கு வாயே இல்லை.”

அஞ்சுகம் பூசணிக்காயின்மேல் உட்கார்ந்தாள். அழலாம் என்று பார்த்தாள். அழுகை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்போல் இருந்தது. எழுந்துபோய் எட்டுக் கதவையும் தட்டினாள். “உங்க அறையிலே வாடிக் கிடக்கிறதையெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. தட்டும் எடுத்துக்கிட்டு வாங்க.”

ஓர் அறையிலிருந்து அரை வாழைக்காய் வந்தது. ஓர் அறையிலிருந்து கால் தேங்காய் வந்தது. ஓர் அறையிலிருந்து, “துவரம்பருப்பு இருக்கு, ஆனா வண்டும் இருக்கு, புடைச்சு எடுத்துக்கலாமா?” என்று ஒரு குரல் வந்தது. பள்ளியில் கஷாயம் காய்ச்சுகிற அண்டாவை இரவல் வாங்கி, எல்லாரும் சேர்ந்து நறுக்கி, பெரிய கூட்டாகக் கூட்டினார்கள். தோலைத் துவையலாக அரைத்தார்கள், விதையைக் கழுவி உலர்த்தினார்கள். மிஞ்சின நாரையும் காம்பையும் முற்றத்தில் கிடந்த உடைந்த தொட்டியில் போட்டு மண்ணால் மூடினாள் அஞ்சுகம்.

“மேலே தூவக் கொத்தமல்லி இருக்கா?” என்று ஒருத்தி சொம்பைப் பார்த்தாள்.

“கிட்டே வந்தே, கடிச்சிடுவேன்!” என்றது சொம்பு.

மூன்றாம் நாள். சொம்பு காலையிலிருந்தே கத்தவில்லை. ஈரத்துணியை விலக்கினால் ஓரமெல்லாம் மஞ்சள். வடிவு தலைசாய்ந்து கிடந்தாள்.

“அஞ்சுகம், எனக்கும் இப்ப உன்னை மாதிரிதான் இருக்குடி. நிற்கவே முடியலை.”

அஞ்சுகத்துக்கு முதன்முறையாகத் தூக்கம் கலைந்தது. விறுவிறுவென்று தெருமுனைக்குப் போனாள். பச்சை மிளகாய் நாலு வாங்கினாள். கை நீளப் பார்த்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ங்கொசுறு வேணுமா தாயீ?”

“வேண்டாம்.”

தெருவே திரும்பிப் பார்த்தது. மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டது. அந்த ஊரில் கொசுறு வேண்டாமென்று ஒருத்தரும் சொன்னதில்லை.

“ங்என்னது?”

“நாலு மிளகாய்தான் வேணும், நாலு மிளகாய்தான் கேட்டேன், நாலு மிளகாயே போதும் ஐயா.”

அவன் மீசை ஒரு பக்கம் தொங்கிப்போயிற்று.

அந்திக்குள் அறை துடைத்துவைத்ததுபோல் ஆயிற்று. கூடையில் அந்த நாலு மிளகாயைத் தவிர ஒரு காம்பு இல்லை. சட்டியில் ஒரு பருக்கை இல்லை. அப்போது வாசலில் மூக்கொலி கேட்டது.

“ங்எல்லாம் சரிதான்” என்றான் கொசுறுமாயன், நிலையில் சாய்ந்துகொண்டு. “அதோ சொம்பிலே ஒரு கட்டுக் கொத்தமல்லி வாடிக்கிட்டிருக்கே, அது என்ன கணக்கு? அதுவும் கீரைதானே? அரைச்சுத் தின்னா உன் சிநேகிதி போயிட்டா. தின்னலைன்னா வீணாப்போச்சு, அப்பவும் போயிட்டா. பொழுது சாய இன்னும் அரை நாழிகை!”

அஞ்சுகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் களைப்பும் மொத்தமாக வந்து தோளில் ஏறிக்கொண்டது.

“அஞ்சுகம்” என்றது வடிவு மெல்ல. “அரைக்கிறதுன்னா நல்லா மையா அரைடி. தேங்காயிலே கஞ்சம் பிடிக்காதே.”

“வாயை மூடுடி!” என்று சொம்பைக் கட்டிக்கொண்டு அஞ்சுகம் அழுதாள். சொம்பு குலுங்கியது.

“ஆட்டாதே, கால்லே என்னமோ கூசுது.”

அழுகை நின்றது. “என்ன கூசுது?”

“நேத்திலிருந்தே கூசுதுடி. எறும்பு ஊர்ற மாதிரி.”

கட்டைத் தூக்கிப் பார்த்தாள் அஞ்சுகம். அடியில் வெள்ளை வெளேரென்று, மயிரிழைபோல, புதுசாக வேர் விட்டிருந்தது!

கால் கெஞ்சியதா, கண் கெஞ்சியதா, அதெல்லாம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. முற்றத்துக்கு ஓடினாள். உடைந்த தொட்டியின் மண்ணை இரண்டு கையாலும் தோண்டினாள். வடிவை நட்டாள். சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

“ங்ஏய்! ஏமாத்து!” என்று பின்னாலேயே ஓடிவந்தான் கொசுறுமாயன். “வாடினது இருக்கு! அதோ வாடிக் கிடக்கு!”

“மண்ணிலே நிற்கிறது செடி ஐயா. செடி வளருது. வளர்றதை வீண்னு சொல்லுவீங்களா?”

“வளருதா? எங்கே வளருது? தலை தொங்குதே!”

இரண்டு பேரும் செடியையே பார்த்தார்கள். சூரியன் ஓட்டுக்குப் பின்னால் பாதி இறங்கியது. முக்கால் இறங்கியது. கடைசிக் கீற்று இறங்கும்போது, நடுத்தண்டில் ஓர் இலை, ஒரே ஓர் இலை, மெல்லத் தலையைத் தூக்கியது.

படாரென்று தொட்டி இரண்டாகப் பிளந்தது. நடுவில் இடுப்புவரை மண்ணோடு வடிவு உட்கார்ந்திருந்தாள். காதோரம் இன்னும் இரண்டு இலை.

“ஐயய்யோ, என் பாவாடை!” என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

ஒன்பதாம் அறையில் அழுகாமல் போன ஒவ்வொன்றும் அவனுக்குக் கிடைக்காமல் போன ஒரு நாள் அல்லவா? மற்ற எட்டு அறைகளிலும்தான் நேற்றிலிருந்து எதுவும் அழுகவில்லையே! எழுநூறு வருஷமும் ஒன்றாகச் சேர்ந்து கொசுறுமாயனைப் பிடித்துக்கொண்டது. முதலில் மீசை உதிர்ந்தது. பிறகு தலைப்பாகை சரிந்தது. பிறகு ஆளே காய்ந்து, சுருங்கி, ஒரு வெங்காயச் சருகாகிப் போனான். காற்று வந்தது, தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்புறம்? அப்புறம் அந்த வீட்டில் ஒன்பது அடுப்பு எதற்கு என்று எல்லாரும் யோசித்தார்கள். ஓர் அண்டா, ஓர் அடுப்பு என்று ஆயிற்று. ஓர் அறை சமைத்தால் மற்ற எட்டு அறையும் தட்டோடு வந்து உட்காரும். ஓர் அறைக்கு ஒன்பது நாளுக்கு ஒரு நாள்தான் சமையல். வேண்டியதை மட்டும் வாங்கினார்கள், வாங்கினதையெல்லாம் தின்றார்கள்.

ஆனால் அதெல்லாம் மறுநாளிலிருந்து நடந்தது. அன்றைக்கு அந்தியில் வடிவு மண்ணை உதறிக்கொண்டு எழுந்து, “நீ படுடி, இன்னைக்கு நான் சமைக்கிறேன்” என்றாள். நாலு மிளகாய் இருந்தது, கொஞ்சம் தொக்கு இருந்தது, ஒரு கைப்பிடி அரிசி இருந்தது. அதை வைத்துச் சோறு ஆக்கித் தட்டோடு திரும்பிப் பார்த்தால், அஞ்சுகம் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வடிவு தட்டை மூடி வைத்தாள். தானும் சாப்பிடாமல், விளக்கைத் தணித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தூங்கினவள் நன்றாகத் தூங்கினாள், காத்திருந்தவள் நன்றாகக் காத்திருந்தாள், கேட்ட நீங்களும் போய் நன்றாகத் தூங்குங்கள்.