ஒன்றரை மாட்டுக்காரி

பேராசிரியர் தில்லைநாயகம் மனிதரை மையமாகக் கொண்ட கணினியியலில் பெரிய ஆள். கருவிதான் மனிதருக்கு வளைந்துகொடுக்க வேண்டும் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார். எழுதும்போது மனிதர்கள் தொந்தரவு செய்யக் கூடாதென்று அறையை உள்ளே தாழிட்டுக்கொள்வார்.

அவரும் அவருடைய இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும் சேர்ந்து கரிசல்பட்டிக்காரர்களுக்காக ஒரு செயலி செய்தார்கள். மாட்டுக்கு ஏதாவது ஆனால் செல்போனில் பொத்தானை அமுக்க வேண்டும், மாட்டு டாக்டர் வந்துவிடுவார். அதுவரை ஊரார் டாக்டரை நேராகக் கூப்பிட்டார்கள், அவரும் நேராக வந்தார். இந்த அநியாயத்தைப் பேராசிரியர் முதலில் நிறுத்தினார். இனிச் செயலி வழியாகக் கூப்பிட்டால் மட்டுமே வருவேன் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டார்.

யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிய வேண்டுமே? நாற்பது வீட்டில் விசாரித்துச் சராசரி எடுத்தார்கள். பெண், வயது நாற்பத்தேழு, மாடு ஒன்றரை. பேராசிரியர் அவளுக்குச் சண்முகத்தாய் என்று பெயர் வைத்து, படம் வரைந்து சுவரில் ஒட்டினார்.

"இவதான் நம்ம பயனாளி. முதல்ல இவ அமுக்கிப் பாக்கணும். அப்புறம்தான் மத்தவங்க கையில கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளிநாட்டு மாநாட்டுக்கு விமானம் ஏறினார்.

மாணவர்கள் பூவராகனும் ஜெசிந்தாவும் செயலி இருந்த செல்போனோடு சண்முகத்தாயைத் தேடிக் கரிசல்பட்டிக்குப் போனார்கள். ஒரு மாடு வைத்திருந்தவர்களைத் தள்ளினார்கள். இரண்டு மாடு வைத்திருந்தவர்களையும் தள்ளினார்கள். ஒருத்தியிடம் ஒரு மாடும் ஒரு ஆடும் இருந்தன. அங்கே அரை நாள் போயிற்று.

"ஆடு அரை மாடுதானே?" என்றான் பூவராகன்.

"பாலை வச்சுப் பாத்தா அரைக்கால்கூட வராது" என்றாள் ஜெசிந்தா.

"சத்தத்தை வச்சுப் பாத்தா ஒண்ணுக்கு மேலயே வரும்."

தீர்ப்பு வராமல் எழுந்து போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளைத்தாய் என்ற பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எய்யா, என் மாடு விடியக்காலையிலருந்து முக்குது. கன்னு பாதியில நிக்குது. உங்க போன்ல கூப்பிட்டாத்தான் டாக்டரு வருவாராம்ல. ஒரு அமுக்கு அமுக்குங்கய்யா. அந்த ஒத்த மாட்டை வச்சுத்தான் எங்க வீட்ல உலை கொதிக்குது."

"ஒத்த மாடா? மன்னிச்சுக்கோங்கம்மா" என்றாள் ஜெசிந்தா.

பூவராகன் அவளைத் தடுத்தான். "இரு. பாதின்னு ஏதோ சொன்னாங்களே."

தொழுவத்துக்கு ஓடினார்கள். மாடு படுத்துக் கிடந்தது. கன்றின் முன்னங்கால்களும் மூக்கும் வெளியே தெரிந்தன. பூவராகன் இரண்டு தடவை எண்ணினான்.

"ஒன்றரை" என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். "சண்முகத்தாயம்மா, உங்களை எங்கெல்லாம் தேடினோம்."

"எம்பேரு வெள்ளைத்தாயி."

"பேரை நாங்க மாத்திக்கிடுறோம்மா. நீங்க அமுக்குங்க."

அமுக்கினாள். டாக்டருக்குத் தகவல் போகவில்லை. 'நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்க, மாடு உள்ள படங்களைத் தொடவும்' என்றது செயலி.

"மாடுதான் இந்தா கெடக்கே" என்று அவள் தரையைக் காட்டினாள்.

"நாங்க உதவக் கூடாதும்மா. அது விதி. நீங்களாத்தான் கண்டுபிடிக்கணும்."

அந்த நேரம் கன்று ஒரு விரற்கடை நகர்ந்தது. ஜெசிந்தா பூவராகனின் தோளைப் பிடித்து இழுத்தாள். "முழுசா வந்துட்டா ரெண்டு மாடாயிடும். பயனாளி கைவிட்டுப் போயிடுவா."

பேராசிரியருக்குப் போன் போட்டார்கள். அவர் பயனாளியின் குரலுக்குச் செவிசாய்ப்பது எப்படி என்று பேச மேடையேறிக்கொண்டிருந்தார். "சோதனை முடியிற வரைக்கும் அவ நிலைமை மாறாம பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே, கன்று மேற்கொண்டு வராதபடி ஆளுக்கொரு காலை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளைத்தாய் செல்போனைக் கழனித்தண்ணித் தொட்டிக்குள் எறிந்தாள். "பிடிச்சதுதான் பிடிச்சீங்க, மாடு முக்கும்போது கீழ பாத்து இழுங்க."

சொன்னதைச் செய்வதில் இருவரும் ஒருநாளும் தவறியதில்லை. இழுத்தார்கள். கன்று வழுக்கி வைக்கோலில் விழுந்து தலையை உதறியது. வெள்ளைத்தாய் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே சந்தோஷத்தில் அழுதாள். பயனாளி போய்விட்டாளே என்று அவர்களும் அழுதார்கள்.

மாநாட்டுப் பேச்சு முடிந்ததும் பேராசிரியரே கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார். "அந்தக் கன்னு ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டுச்சா?"

"பதினெட்டு வயசு ஆகல சார்."

"அப்ப தாயார்கிட்ட வாங்குங்க."

பூவராகன் நான்கு பக்கப் படிவத்தையும் மாட்டின் காதருகே நிறுத்தி நிதானமாக வாசித்தான். 'விருப்பமில்லையெனில் விலகிக்கொள்ளலாம்' என்ற இடத்தில் மாடு ஈ விரட்டத் தலையை ஆட்டியது. விலகியவரைப் பற்றிய தகவல்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. மாட்டையும் கன்றையும் ஆய்வறிக்கையிலிருந்து அழித்தார்கள். கன்றின் முன்பாதி மட்டும் அரை மாடாக ஏற்கெனவே வெள்ளைத்தாய் பெயரில் பதிவாகியிருந்ததால் தப்பியது.

அந்தக் கன்றுக்கு இப்போது கொம்பு முளைத்துவிட்டது. போன மாதம் படம் பிடிக்க வந்த பேராசிரியரைத் தெருக்கோடிவரை துரத்திப்போய் முட்டிச் சாய்த்தது. ஊரார் தூக்கிவிட்டபோது அவர் அறிக்கையை எடுத்துச் சரிபார்த்தார். அதில் முன்பாதிதான் பிறந்திருக்கிறது. பின்னங்காலே இல்லாத கன்று முட்டியிருக்கலாம், ஆனால் துரத்தியிருக்க வாய்ப்பே இல்லை என்று குப்புறப் படுத்தபடி கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்.