ஆட்டுக்குக் கேட்கிற சத்தம்

கால்நடைக் கல்லூரி ஒன்றில் மெஹருன்னிசா என்று ஒரு பேராசிரியை இருந்தார். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த தேவசகாயம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டே காலம் தள்ளியவர், ஆசைப்பட்டு லீவு வாங்கிப் படிக்க வந்திருந்தார். குருவுக்குச் சிஷ்யர் 'சார்'. சிஷ்யருக்குக் குரு 'மேடம்'.

ஆட்டை நாய் துரத்தினால் அதன் மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பும். பிட்யூட்டரி அட்ரினலை எழுப்பும். அட்ரினல், பதற்றத்தின் ஹார்மோனான கார்டிசாலை ரத்தத்தில் விடும். மூளை அனுப்பும் அந்த முதல் ஹார்மோன் சி.ஆர்.எச். என்று தேவசகாயம் படித்திருந்தார். படித்த புத்தகமெல்லாம் எலியை வைத்து எழுதியது.

எலியின் பிட்யூட்டரி செல்களில் சி.ஆர்.எச். விட்டார். துள்ளி எழுந்தன. ஆட்டின் செல்களில் விட்டார். சும்மா லேசாக அசைந்து கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

செல் செத்திருக்கும் என்று புதிதாகக் கொண்டுவந்தார். மருந்து கெட்டிருக்கும் என்று வேறு வாங்கினார். தண்ணீரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டார், பாவம். அளவை இரண்டு மடங்காக்கினார், பத்து மடங்காக்கினார். ஆடு மசியவில்லை.

"திங்கட்கிழமை கமிட்டி, மேடம். ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிடுவாங்க. இன்னொரு தடவை எனக்கு லீவு கிடைக்காது. நான் எங்க தப்பு பண்றேன்?"

மெஹருன்னிசா ஒரு கட்டு அகத்திக்கீரையை எடுத்துக்கொண்டு ஆட்டுப் பட்டிக்கு நடந்தார். தேவசகாயம் பின்னாலேயே போனார்.

வேலிக்கு வெளியே நின்றுகொண்டு பேராசிரியை கூப்பிட்டார்.

"பா... பா... பா..."

ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"பா! பா! பா!"

ஒரு கிடா மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. பேராசிரியை தொண்டை கிழியக் கத்தினார். பால் பண்ணையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேவசகாயத்துக்கு மானம் போயிற்று.

"மேடம், எவ்வளவு கத்தினாலும் வராது. அது கோழியைக் கூப்பிடுற சத்தம்."

"அப்படியா? நீங்க கூப்பிடுங்க பாப்போம்."

தேவசகாயம் நாக்கை அண்ணத்தில் உருட்டி "ட்ர்ர்ர்ர்" என்றார். அதட்டக்கூட இல்லை. பட்டி மொத்தமும் எழுந்து முட்டி மோதிக்கொண்டு வேலிக்கு வந்தது.

"நான் சத்தத்தைக் கூட்டினா வரும்னு நினைச்சேன், சார்," என்றார் மெஹருன்னிசா, கீரையைப் பிரித்துப் போட்டபடியே. "நீங்க அளவைக் கூட்டினீங்களே, அது மாதிரி."

தேவசகாயம் அங்கேயே நின்றார். ஒரு குட்டி அவர் சட்டை நுனியை மென்றதுகூடத் தெரியவில்லை.

பிறகு ஓட்டமும் நடையுமாக ஆய்வகத்துக்குப் போனார். மூளை அனுப்புகிற ஹார்மோன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டின் செல்களில் விட்டுப் பார்த்தார். இரண்டு ஏமாற்றின. அடுத்து வாசோபிரெஸ்ஸின். உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிற வேலைக்கு என்று அவர் நினைத்திருந்த ஹார்மோன். பதற்றத்தில் இதற்கு என்ன வேலை என்று நம்பிக்கையே இல்லாமல்தான் விட்டார்.

செல்கள் எழுந்ததைக் காட்டும் கோடு கிடுகிடுவென்று ஏறியது. மறுபடி செய்தார். மறுபடி ஏறியது. ஐம்பதை நெருங்கிய மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக ஒரு குத்தாட்டம் போட்டார். போடட்டுமே, போடவேண்டிய ஆட்டம்தான்.

திங்கட்கிழமை கமிட்டியின் தலைவர் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். எலி ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவர் அவர்.

"சி.ஆர்.எச்.தானே பெரிய ஆள்? புஸ்தகத்துல இப்படி இல்லையே?"

"புஸ்தகம் எலியைப் பாத்து எழுதினது, சார்."

"ஆட்டுல வாசோபிரெஸ்ஸின்தான் ஓங்கி நிக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஆடு சொல்லுச்சு, சார்."

அறை சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து வந்து தேவசகாயத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முடிச்சுட்டு வாங்க. நானே முன்வரிசையில உக்காந்து கேக்குறேன்."

வெளியே வந்ததும் தேவசகாயத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு பேரிடம் சொல்லியாயிற்று, வீட்டுக்கும் போன் போட்டாயிற்று. சந்தோஷம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஆட்டை வெச்சு எழுதினவங்க ஏற்கெனவே இருக்காங்க."

"அடப்பாவமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, யாரு சொன்னதுன்னு தலைவர் கேட்டப்ப என் பேரைச் சொல்லியிருப்பீங்க, சார்."