சாமி பார்க்கிற காடு

மலையடிவாரத்து ஊர்களில் யாராவது இறந்துபோனால் பந்தல்காரருக்கு அடுத்தபடி பிரமநாயகனாருக்குத்தான் ஆள் போகும். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டுக் கடைசிப் படம் எடுத்துத் தருவது அவர் தொழில். அதனாலேயே கல்யாண வீட்டுக்காரர்கள் அவர் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். அவர் வருந்தினாரில்லை. அமாவாசைதோறும் மனைவி வடிவம்மையோடு காட்டுவழியே ஏறி, மேலே குடியிருக்கும் முகிலநாதரைக் கும்பிட்டு வருவார்.

வடிவம்மைக்கு வாதம் வந்து கால்கள் விழுந்துபோயின. இனி மருந்தில்லை என்று வைத்தியர்கள் கைவிரித்தபின் அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்.

“கண்ண மூடுததுக்குள்ள முகிலநாதர ஒரு தடவ பாத்துட்டாப் போதும்.”

மூலவரைப் படம் எடுக்கலாகாது என்பது கோயில் கட்டு. திருட்டுத்தனமாக செல்போனில் எடுத்த படம் இருக்கிறது, தரட்டுமா என்றார் ஒரு புண்ணியவான். பிரமநாயகனார் காதைப் பொத்திக்கொண்டு பூசாரி ஆண்டியப்பரிடம் போய் நின்றார்.

“சாமியத்தான எடுக்கக்கூடாது? சாமி பாக்கத எடுக்கலாம்லா?”

பூசாரி தாடியைச் சொறிந்தார். “அதுக்குக் கட்டு ஒண்ணும் இல்லவே. எடும்.”

சன்னதிக்கு எதிரே சுவர் கிடையாது, காடுதான். இத்தனை வருஷம் நடந்த காட்டைத் தாம் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாறை வெடிப்பில் கடுகளவு பூ இருந்தது. முட்டைப் பையைச் சுமந்து ஒரு சிலந்தி போனது. அட்டை கடிக்கக் கடிக்க மண்ணில் கிடந்து, மூச்சடக்கி எடுத்தார். “இதயெல்லாமா பாத்துக்கிட்டு இருக்காரு!” என்று வடிவம்மை படங்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆனாலும் அந்த அம்மாளின் ஏக்கம் தீரவில்லை.

சாமி பார்ப்பதை எடுக்க வேண்டுமானால் சாமிக்கு முதுகு காட்டித்தானே நிற்க வேண்டும்? கும்பிட வந்தவர்கள் கொதித்தார்கள்.

“சாமிக்கு முதுகக் காட்டுதவன் என்ன பக்தன்? பொணப் போட்டோக்காரன் புத்தி வேற எப்படிப் போவும்!”

ஒருவர் கையை ஓங்கினார். பிரமநாயகனார் கண்கலங்கினாரே தவிர, நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“நான் திரும்பிட்டா அவ எதப் பாப்பா? எம் முதுகையும் அவருதான படைச்சாரு.”

மழை இருட்டாக இருந்த ஒரு காலை. தீபாராதனை மணி ஒலிக்க, எல்லாரும் சன்னதியை நோக்கிக் கைகுவித்திருந்தார்கள். அந்நேரம் காட்டோரம் ஒரு கடமான் வந்து நின்று தீபத்தையே பார்த்தது. கண்டவர் பிரமநாயகனார் ஒருவரே. எடுத்தார்.

பெரிதாகப் போட்டுத் தந்த படத்தை வடிவம்மை வெகுநேரம் பார்த்தார். திடீரென்று அலறினார்.

“ஏங்க, மானு கண்ணுக்குள்ள பாருங்க! வந்துட்டாரு!”

அந்தக் கரிய கண்ணுக்குள் தீபம் எரிந்தது. தீபத்தின் பின்னே முகிலநாதரின் திருமுகம். அவர் காலடியில் காமிராவோடு ஒரு சின்ன உருவம்.

கட்டை மீறிவிட்டோமோ என்று பதறி, பிரமநாயகனார் படத்தோடு மலையேறினார். பூசாரி பார்த்தார். படத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டார்.

“நீரு மானைத்தான்வே எடுத்தீரு. அவரு அவராத்தான் வந்திருக்காரு.”

ஆண்டவனுக்கு முதுகைக் காட்டி நின்றே அவன் முகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிரமநாயகனாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.