தவிட்டுக்குருவிக்குத் தொண்டை கட்டிய கதை

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசின என்பது எல்லோருக்கும் தெரியும். அவை பள்ளிக்கூடம் போன விஷயம்தான் பலருக்குத் தெரியாது.

ஆற்றங்கரையில் ஒரு கிழட்டு மருதமரம் நின்றது. அதன் அடிமரத்தில் பெரிய பொந்து. ஒரு வகுப்பே உள்ளே உட்காரலாம். நல்ல வெயில் நேரத்திலும் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். அதுதான் பள்ளிக்கூடம். அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தது திலகம் என்ற முயல்.

திலகம் டீச்சருக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். ஆனால் முயலுக்கு வாய்த்த காது லேசான காதா? மைனாக்கள் ஒரு பக்கம் பாட்டுப் பாடும். குரங்குக்குட்டி முன்னால் இருப்பவர்களின் வாலையெல்லாம் முடிச்சுப் போடும். "டீச்சர், இவன் என் கொட்டையைத் தின்னுட்டான்!" என்று சோணை என்ற அணில் தினமும் ஒருமுறையாவது அழும். பாடம் முடிந்து எல்லோரும் போனதும் டீச்சர் ஆற்றோரம் போய், இரண்டு காதுகளையும் ஈர மணலில் புதைத்துக்கொண்டு படுத்துவிடுவாள்.

ஒருநாள் அப்படிப் படுத்திருந்தபோது மின்மினிகளின் தலைவர் வந்து பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தார்.

"டீச்சர், பகல்ல எங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. உங்க பொந்துச் சுவத்துல வந்து உக்காரட்டுமா? யார் நல்லா நடந்துக்கிறாங்களோ அவங்க பேர்ல ஒரு விளக்கு எரியட்டும். சேட்டை பண்ணா ஒண்ணு அணையட்டும். பிள்ளைங்க தானா அடங்கிடும் பாருங்க."

டீச்சருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

மறுநாளே சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை ஒதுக்கப்பட்டது. வீட்டுப்பாடம் முடித்து வந்தால் வரிசையில் ஒரு மின்மினி எரியும். குப்பையைப் பொறுக்கிப் போட்டால் இன்னொன்று. பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் ஒன்று. அடுத்தவர் வாலை இழுத்தால் ஒன்று அணையும். சேர்த்த விளக்குகளை வெள்ளிக்கிழமை கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். சில விளக்குகளுக்கு இலந்தைப்பழம் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் இருந்தால் ஒரு பாடவேளை முழுக்க டீச்சரின் கல்லில் உட்காரலாம். வரிசை மொத்தமும் நிறைந்துவிட்டால் கிடைப்பதுதான் பெரிய பரிசு. யானைப் பெரியவர் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு கேட்ட இடத்துக்குக் கூட்டிப்போவார். வீட்டிலிருந்து ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.

டீச்சர் கடைசியாக ஒரு சட்டமும் சேர்த்தாள்.

"நான் வெளியே போயிருக்கும்போது யார் வாயைத் திறந்தாலும் அவங்க வரிசை மொத்தமும் அணைஞ்சிடும். ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தமும்."

வகுப்பு ஒரே வாரத்தில் மாறிப்போனது. மைனாக்கள் கையெழுத்தில் கவனம் வைத்தன. குரங்குக்குட்டி தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. இருட்டுச் சுவரில் விளக்குகள் மினுங்குவதைப் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. டீச்சரின் காதுகளுக்கு நிம்மதி வந்தது. ஒன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. "சோணை, அந்தத் தண்ணிச் சிரட்டையை எடுத்துக் கொடுப்பா" என்று கேட்டால், சோணை முதலில் சுவரைப் பார்த்துவிட்டு, "இதுக்கு விளக்கு உண்டா டீச்சர்?" என்பான். சின்னப் பிள்ளைதானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வகுப்பில் அதிக விளக்கு சேர்த்தவள் காத்தாயி என்ற தவிட்டுக்குருவி. தவிட்டுக்குருவிகள் அப்போதெல்லாம் அடக்கமான பறவைகள். குரலும் மென்மையானது, பனங்கருப்பட்டியைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். காத்தாயிக்குப் பேசாமல் இருப்பது ஒரு சிரமமே இல்லை. ஆனால் அவள் விளக்கு சேர்த்தது இலந்தைப்பழத்துக்காக இல்லை.

காத்தாயியின் அம்மாவுக்கு ஒரு புயல் மழையில் இறக்கை ஒடிந்துவிட்டது. புதருக்குள் தத்தித் தத்தி நடப்பாளே தவிர, பறக்க முடியாது. அவளுடைய அக்கா மலைக்கு அந்தப் பக்கம், தாமரைக்குளத்துக் கரையில் இருந்தாள். "அக்காவை ஒரு தடவை பாத்துட்டா போதும்டி" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு, "சரி விடு, நீ படி" என்று பேச்சை மாற்றுவாள்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மற்றவர்கள் பழம் தின்னும்போது காத்தாயி எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு வியாழக்கிழமை காலையில் கடைசி மின்மினியும் எரிந்தது. வரிசை நிறைந்துவிட்டது.

இறக்கை ஒடிந்த அம்மாவைப் பெரியம்மாவிடம் கூட்டிப்போகத்தான் என்று காத்தாயி சொன்னதும், "நாளைக்கு யானைப் பெரியவர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் டீச்சர். காத்தாயிக்கு அன்று பாடமே காதில் ஏறவில்லை. அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் குரங்குக்குட்டியின் அம்மா வந்து டீச்சரைக் கூப்பிட்டாள். "சத்தம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆற்றங்கரை வரை பேசிக்கொண்டே போனாள். வகுப்பில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

பொந்தின் பின்பக்கம், மேலே ஒரு வெடிப்பு இருந்தது. அதற்கு நேர் கீழேதான் பூவரசி என்ற சுண்டெலி உட்காருவாள். வகுப்பிலேயே சின்னவள். சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிப்போயிருந்தாள்.

அந்த வெடிப்பு வழியாக ஒரு சாரைப்பாம்பு தலையை உள்ளே நீட்டியது.

முதலில் பார்த்தது சோணை. அவன் வாய் திறந்தது. உடனே கண் சுவருக்குப் போனது. மறுநாள் டீச்சரின் கல்லில் உட்காரும் அளவுக்கு அவனும் விளக்கு சேர்த்து வைத்திருந்தான். திறந்த வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நடுங்கினான்.

அவன் நடுங்குவதைப் பார்த்துத்தான் காத்தாயி திரும்பினாள். நிறைந்து எரிந்த அவளுடைய வரிசையின் வெளிச்சம் நேராகப் பாம்பின் மேல் விழுந்திருந்தது. அது இறங்கி வருவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கீழே பூவரசி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

காத்தாயிக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. தாமரைக்குளம் நினைவுக்கு வந்தது. பாம்பு இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"பாம்பு! பூவரசி, பாம்பு! ஓடுங்க எல்லாரும்!"

பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கத்தியதில்லை. கத்திய அந்தக் கணமே, சொன்ன சட்டப்படி, அவளுடைய வரிசை முழுவதும் அணைந்தது. பொந்தின் பாதி இருட்டிப்போனது. இப்போது பாம்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மற்ற பிள்ளைகளோ பேசாமல் இருந்தே பழகிவிட்டதால் எழுந்திருக்கவும் தோன்றாமல் உறைந்து போயிருந்தன. காத்தாயி நிறுத்தவில்லை. இருட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் பறந்து, ஒவ்வொருவர் காதிலும் போய்க் கத்தினாள். பூவரசியின் மேல் விழுந்து அலகால் குத்தி எழுப்பினாள். தள்ளிவிட்டாள். தொண்டை கிழிவதுபோல் வலித்தது. கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டும் வரை கத்திக்கொண்டே இருந்தாள்.

ஒன்றும் அகப்படாத பாம்பு வந்த வழியே போய்விட்டது.

திலகம் டீச்சர் ஓடி வந்தபோது பிள்ளைகள் எல்லாம் வெளியே வெயிலில் நின்றிருந்தன. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரில் காத்தாயியின் வரிசை இருட்டாகக் கிடந்தது.

"யார் கத்துனது?"

மின்மினித் தலைவர்தான் சொன்னார்: "காத்தாயி, டீச்சர். நீங்க சொன்னபடி அணைச்சிட்டோம்."

"காத்தாயியா? நீயாம்மா? இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

காத்தாயி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கர்ர் என்று ஒரு சத்தம்தான் வந்தது.

பூவரசி டீச்சரின் காலைக் கட்டிக்கொண்டாள். "டீச்சர், பாம்பு வந்துச்சு. எனக்கு நேரா மேல. காத்தாயி அக்காதான் என்னை எழுப்பினாங்க."

சோணை விசும்ப ஆரம்பித்தான். "நான்தான் முதல்ல பாத்தேன் டீச்சர். விளக்கு போயிடுமேன்னு சொல்லல."

திலகம் டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சோணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அழாதடா. உன்மேல தப்பில்ல. பாம்பு வந்தாலும் பேசக் கூடாதுன்னு சட்டம் வெச்சது நான்தானே" என்றாள். அப்புறம் காத்தாயியைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவள் கழுத்தை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

அதற்குள் சத்தம் கேட்டு யானைப் பெரியவரும் ஆற்றிலிருந்து ஏறி வந்துவிட்டார். நடந்ததையெல்லாம் டீச்சர் அவரிடம் சொன்னாள். காத்தாயி எதற்காக விளக்கு சேர்த்தாள் என்பதையும் சொன்னாள்.

"அணைஞ்ச வரிசையை மறுபடி எரியச் சொல்லிடறேன் பெரியவரே. நாளைக்கு இவளைக் கூட்டிப் போகணும்."

யானைக்குக் கோபம் வந்தது. "நான் உங்ககிட்ட விளக்கா கேட்டேன்? பிள்ளைங்க ஏறணும்னு சொன்னீங்க, சரின்னேன். இந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு இறக்கை ஒடிஞ்ச விஷயத்தை யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே வந்திருப்பேனே! ஏறு தாயி. இப்பவே போலாம்."

அடுத்த நாளிலிருந்து பேசாமல் இருப்பதற்கு அந்த வகுப்பில் விளக்கும் கிடையாது, பேசினால் அணைப்பதும் கிடையாது. மற்ற விளக்குகள் அப்படியே இருந்தன, பிள்ளைகளுக்கு அவை அவ்வளவு பிடித்திருந்தன. சோணை மட்டும் சில நாள், யாரும் கேட்காவிட்டாலும் தண்ணீர்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்து டீச்சர் பக்கத்தில் நின்றான்.

பாம்பு வந்த அன்றைக்கே காத்தாயியும் அம்மாவும் யானை முதுகில் மலையைச் சுற்றிப் போனார்கள். வழி நெடுக அம்மா பேசிக்கொண்டே வந்தாள். காத்தாயி வாயே திறக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

தாமரைக்குளத்தங்கரையில் பெரியம்மாவும் அவள் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். அக்காவும் தங்கையும் கழுத்தோடு கழுத்து உரசி அழுது முடித்த பிறகு, பெரியம்மா கேட்டாள்: "பிள்ளை ஏன் உம்முன்னு இருக்கா? பெரியம்மான்னு ஒரு தடவை கூப்பிடக் கூடாதா?"

காத்தாயி தயங்கினாள். பிறகு கூப்பிட்டாள். கரகரவென்று, ஓட்டைப் பானைக்குள் கல் உருட்டியதுபோல் வந்தது. பெரியம்மாவின் சின்னக் குஞ்சு ஒன்று களுக்கென்று சிரித்துவிட்டது. காத்தாயி இறக்கைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

அம்மா சிரித்த குஞ்சை அதட்டவில்லை. நடந்த கதையை அக்காவிடம் சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பி, தொண்டையை நன்றாக இறுக்கி, "கர்ர்ர், காத்தாயி!" என்று கூப்பிட்டாள். அச்சு அசலாக மகளின் குரல்.

காத்தாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கர்ர்ர்ர், வாடி என் கண்ணு!" என்றாள் பெரியம்மா, இன்னும் சத்தமாக. சிரித்த குஞ்சுதான் எல்லாரையும் விடக் கரகரப்பாகக் கத்தியது. மற்ற குஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. குளத்தங்கரையே அதிர்ந்தது. காத்தாயி சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பும் கரகரத்தது. வீட்டில் ஒருத்தி மட்டும் அப்படிப் பேச விடக் கூடாது என்று, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கள் மென்மையான குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

தவிட்டுக்குருவிகளின் குரல் இப்படி ஆனது அன்று முதல்தான். வேலியோரம் பாம்பையோ பூனையையோ பார்த்து ஒன்று கத்தினால் போதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் மொத்தக் கூட்டமும் கூடவே கத்துகிறது.