சுருள்படிக் கோபுரத்தில் ஒரு விரிசல்

பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றில் நானூறு வருடத்து மாளிகை. அதன் சுருள்படிக் கோபுரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் புதுச்சேரிக்காரர் மாசில்லாமணி, விரிசலின் குறுக்கே ஒரு கை சாந்தை அப்பி, அதில் தேதியைக் கீறினார்.

"ஆறு மாசத்துல இது உடையலைன்னா சுவர் நின்னுடுச்சு. உடைஞ்சா இன்னும் நகருது."

"நகர்ந்தால் கோபுரத்தை இறக்கிவிடுங்கள்," என்றாள் வீட்டுக்கார மதாம். "பிள்ளைகள் ஓடும் வீடு."

மாசில்லாமணியின் சீடர் திவ்யநாதனுக்கு வயது நாற்பது; கால் ஓரிடத்தில் தரிக்காது. கோபுரத்தின் மேல் கொள்ளை ஆசை. ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடிவந்து, மதாமின் மூக்குக் குரலிலேயே சாந்தை மிரட்டுவார்: "உடைந்தாயோ, தொலைந்தாய்!"

கடைசி நாள் காலையில் பார்த்தால், சாந்தின் குறுக்கே மயிரிழைக் கீறல்.

திவ்யநாதன் சுற்றும் முற்றும் பார்த்தார். சாந்தைப் பெயர்த்தார். புதுசு அப்பிப் பழைய தேதியையே கீறினார்.

மதியம் குரு வந்தார்.

"என்ன சொல்லுது?"

"உடையலைங்க ஐயா. அசைவே இல்லை."

குரு சாந்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஈரம் தெரியுமோ என்று திவ்யநாதன் அந்தக் கையையே பார்த்தார்.

"நல்லது," என்று குரு சாவியை நீட்டினார். "கதவைத் திற. பிள்ளைங்க ஏறட்டும்."

மதாமின் பேரப்பிள்ளைகள் வந்து மொய்த்துவிட்டார்கள்.

"நான்தான் முதல்ல!"

"போடி, பாதியிலேயே மூச்சு வாங்குவே!"

"முசியே, சீக்கிரம்!" என்று திவ்யநாதனின் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

சாவி துவாரத்தில் நுழைந்தது. திரும்பவில்லை.

"துருவா?" என்றார் குரு.

"இல்லீங்க."

"பின்னே?"

திவ்யநாதன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "இன்னைக்கு வேணாம் கண்ணுங்களா. தோட்டத்துக்குப் போங்க."

"ஏமாத்துக்காரர்!" என்று கத்திக்கொண்டே அவர்கள் ஓடினார்கள்.

"கோபுரத்தைக் காப்பாத்தணும்னுதாங்க ஐயா சாந்தை மாத்தினேன்."

"காப்பாத்தலாமே. சுவர் எந்தப் பக்கம் நகருதுன்னு தெரிஞ்சா முட்டுக் கொடுத்து நிறுத்திடலாம். உடைஞ்ச சாந்தைப் பார்த்தாத் தெரிஞ்சுடும். எங்கே அது?"

"பொடி பண்ணிட்டேங்க. புதுசு பழசாத் தெரியணும்னு அது மேலேயே தூவிட்டேன்."

குரு சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"மதாம்கிட்ட கோபுரத்துக்காகப் பேச, அந்தத் துண்டு ஒண்ணுதான் இருந்துச்சு."