கப்பல் கார்டும் பூபாலனின் கெர்னலும்

தமயந்தி சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதுசு ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். மேடையிலிருந்து எடையை வாங்கித் தரும் பழைய கார்டை அதில் சொருகினார்கள். உள்ளே என்னென்ன சொருகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல். அதுவோ, அப்படியொரு கார்டே இல்லை என்று சாதித்தது. வெளியே கரும்பு வண்டிகள் சாலைவரை நின்றன. வெயிலில் காயக் காயக் கரும்பு எடை குறையும். விவசாயிகள் தன் சட்டையைத்தான் பிடிப்பார்கள் என்று அவள் ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடையாய் நடந்தாள்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த பூபாலனுக்கு ஒரு அவசரமும் இல்லை. டீ வரவழைத்துக் குடித்தார்.

"கெர்னலுக்குப் பயப்படக் கூடாதும்மா, அதட்டணும். கடலூர்ல ஒரு ஐஸ் ஃபேக்டரி. கப்பல்லேர்ந்து கழட்டின கார்டு. ஒரு முறை முறைச்சேன். கார்டைக் கண்டுபிடிச்சதோட, எந்தக் கப்பல், கேப்டன் யாருன்னும் சொல்லிடுச்சு."

"கேப்டனுக்கு எத்தனை பசங்கன்னு சொல்லலியா?" ஜன்னலில் தலையை நீட்டினார் ஏழுமலை. வரிசையில் முதல் டிராக்டர் அவருடையது.

"மூணு. அதுல ஒண்ணு தத்து."

பூபாலன் எதையோ தட்டினார். கார்டு இல்லை என்றது திரை.

"கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படுது" என்றார்.

"சார், கரும்பு காயுது" என்றாள் தமயந்தி.

"இரும்மா. பண்ருட்டி முந்திரி கம்பெனியில கார்டைச் சொருகவே இல்ல. லாரியில வந்துட்டிருக்கு. திண்டிவனம் தாண்டும்போதே 'கார்டு கிடைச்சாச்சு'ன்னுது கெர்னல். லாரிக்காரன் டீ குடிக்க இறங்கினான் பாருங்க, அப்ப மட்டும் 'காத்திருக்கவும்'னு போட்டுச்சு."

"எங்களுக்கும் அதையேதான் போட்டிருக்கு" என்றார் ஏழுமலை.

பூபாலன் மறுபடி தட்டினார். கார்டு மறுபடி இல்லை. அவர் குரல் மட்டும் ஏறியது.

"போன மாசம் அதுக்கும் மேல. ஜப்பான்ல ஒருத்தன் ஒரு கார்டு செய்யலாமான்னு மனசுல நினைச்சிருக்கான். நினைச்சதுதான்! இங்க நம்ம கெர்னல் கண்டுபிடிச்சிடுச்சு. அவன் பாவம், கஷ்டப்பட்டுச் செஞ்சு முடிச்சா, 'இது பழைய மாடல், மாத்துங்க'ன்னுடுச்சு."

தமயந்தி வெளியே போய்க் கரும்பு அலுவலருக்கு போன் போட்டாள். கார்டு தெரியவில்லை, தெரியும் என்ற நம்பிக்கையும் தனக்கில்லை என்று நடந்ததை அப்படியே சொன்னாள். திட்டு விழுமென்று காத்திருந்தாள். வண்டிகளை வெளியே வேறொரு எடைமேடைக்குக் கொண்டுபோய் எடை போட அனுமதிதான் கிடைத்தது.

டிராக்டர்கள் உறுமின. ஏழுமலை நகர்ந்து இடம்விட, அவள் ஏறி உட்கார்ந்தாள்.

பூபாலன் வாசலுக்கு ஓடிவந்தார். "என்னம்மா இது! இன்னும் அஞ்சே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடும். அப்புறம் உங்களை நான் எங்கேன்னு தேடுறது?"

"உங்க கெர்னலைக் கேளுங்க சார், சொல்லும்."